பயிற்சிக்கூடம் தூரம், பரீட்சை பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

சியர்லீடிங் (ஒருவரை ஒருவர் மேலே தூக்கி, கரணம் அடித்து, ஆடிக் காட்டும் குழு விளையாட்டு) போட்டி அணிகளில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பள்ளி ஒரு பக்கம், ஜிம் ஒரு பக்கம், நடுவில் ஒரு மணி நேரத்துக்கும் மேலான சாலை. அந்தக் கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பதில் எழுதியவர்கள் அணிப் பயிற்சியிலும் மாணவர்களுக்கான படிப்பு ஆலோசனையிலும் இருப்பவர்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பிராக்டிஸ். ஜிம்முக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். காரில்தான் இரண்டரை மணி நேரம் கிடைக்கிறதே, வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். ஒரு வாரம்கூட நடந்ததில்லை. எங்கே தப்பு?

பதில்: உன் உழைப்பில் தப்பு இல்லை, கணக்கில்தான் தப்பு. காரில் இருக்கும் இரண்டரை மணி நேரத்தையும் படிப்பு நேரம் என்று எழுதி வைத்திருக்கிறாய். போகும் பயணத்தை மட்டும் பார். ஏறி உட்கார்ந்து ஏதாவது சாப்பிட 15 நிமிடம். இறங்குவதற்கு முன் தலைமுடியைக் கட்டி, ஷூ மாற்ற 10 நிமிடம். மிச்சம் 50 நிமிடம். ஆறு ஏழு மணி நேரம் வகுப்பில் இருந்துவிட்டு வருபவளுக்கு அதில் 35 நிமிடம் உருப்படியாகப் போனாலே நல்லது. திரும்பும் பயணம் வேறு மாதிரி. தூக்குவதும் குதிப்பதும் முடிந்து வியர்வையோடு ஏறும்போது புதுப் பாடம் எதுவும் தலையில் ஏறாது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் படிப்புக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. அது சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் உள்ள நேரம்.

இப்போது படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடு. காலை 6.15-க்கு எழ வேண்டும் என்றால் இரவு 10.15-க்குத் தூங்கியிருக்க வேண்டும். அதுவே எட்டு மணி நேரம்தான். பிராக்டிஸ் 5.30 முதல் 8 வரை என்று வைத்துக்கொள்வோம். வீடு வர 9.15. குளித்து, மறுநாள் பையை எடுத்து வைக்க 10 மணி ஆகிவிடும். ஆக, பிராக்டிஸ் நாளில் இரவு மேசைப் படிப்பு என்பது பூஜ்யம். ‘இன்றைக்கு மட்டும் கொஞ்சம் உட்காரலாம்’ என்று அதை மறைத்து வைப்பதில்தான் வாரம் முழுவதும் சரிகிறது. பள்ளி விட்டு வந்து 4.10-க்குக் கிளம்புவதற்குள் 25 நிமிடம் மேசையில் கிடைக்கும். அதோடு காரில் 35. பிராக்டிஸ் நாள் ஒன்றுக்கு உன் கையில் இருப்பது ஒரு மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக.

அடுத்து வேலையைப் பிரி. பாடவாரியாகப் பிரிக்காதே, எங்கே உட்கார்ந்து செய்ய முடியும் என்று பார்த்துப் பிரி. பல படிகள் உள்ள கணக்கு, கட்டுரை, வரைபடம், ஆய்வுக்கூட அறிக்கை, இணையம் தேவைப்படும் எதுவும் மேசை வேலை. சொற்பொருள், சூத்திரங்கள், ஏற்கெனவே படித்த பாடத்தைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது, கட்டுரைக்குக் குறிப்பு எடுப்பது இவையெல்லாம் மடியில் வைத்துச் செய்யக்கூடியவை. பாடக் குறிப்பை நீயே குரலில் பதிவு செய்து கேட்பது காதுக்கான வேலை. குலுங்கும் காரில் கட்டுரையை முழுதாக எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கம் போவதற்குள் கை வலிக்கும். அதற்கு நான்கு தலைப்புகளை மட்டும் எழுதிக்கொண்டால் வீட்டில் பாதி நேரம் மிச்சம்.

அந்த 25 நிமிட மேசை நேரத்தில் எதையும் முடிக்கப் பார்க்காதே. அன்று கொடுத்ததில் கடினமானது எதுவோ அதைத் தொடங்கு. பத்துக் கணக்கு கொடுத்திருந்தால் முதல் இரண்டைப் போட்டுப் பார். எங்கே சிக்குகிறது என்று அன்றைக்கே தெரிந்தால் மறுநாள் ஆசிரியரிடம் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு தெரிந்தால் கேட்க ஆள் இருக்காது. பெரிய மேசை வேலைகளைப் பிராக்டிஸ் இல்லாத இரண்டு பள்ளி நாட்களிலும் வார இறுதியிலும் போடு. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக உன் தேதியைக் குறித்துக்கொள். இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் ‘எவ்வளவு ஆகும் என்று நினைத்தேன், எவ்வளவு ஆனது’ என்று நிமிடக் கணக்கில் எழுதி வை. எந்தப் பாடத்தில் உன் மதிப்பீடு தப்புகிறது என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும்.

கேள்வி: காரில் புத்தகத்தைத் திறந்தாலே எனக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கலாமா?

பதில்: வேண்டாம். பயண வாந்திக்கான மாத்திரைகள் பலவும் தூக்கக் கலக்கத்தைக் கொடுப்பவை. அந்தக் கலக்கத்தோடு ஒருத்தியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவோ, நீயே மேலே ஏறி நிற்கவோ கூடாது. பயணமே முடியவில்லை என்றால் மருத்துவரிடம் பிராக்டிஸ் இருப்பதைச் சொல்லிவிட்டுக் கேள்.

கார் நகர்வதை உள்காது உணர்கிறது. கண்ணோ அசையாத புத்தகத்தைப் பார்க்கிறது. இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல். ஆகவே கண்ணுக்கும் வெளி அசைவு தெரியும்படி செய். பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்தால் முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும். ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதிய அட்டையை மடியில் வைத்துக் குனியாமல் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடி. ஒரு கேள்வியைப் படி, நிமிர்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டே பதிலைச் சொல், பிறகு திருப்பிப் பார். கண் அட்டையில் இருப்பது சில விநாடிதான். வளைவும் சிக்னலும் நிறைந்த பகுதியில் எதையும் படிக்காதே. நேரான நெடுஞ்சாலை வந்த பிறகு தொடங்கு. அதுவும் ஒத்துவராவிட்டால் காதுக்கான வேலையை மட்டும் வைத்துக்கொள். குமட்டல் தொடங்கிய பிறகு நிறுத்துவது தாமதம். பிராக்டிஸின் முதல் அரை மணி நேரமும் சேர்ந்து வீணாகும்.

முன் இருக்கையில் உட்கார்ந்து மடியில் மடிக்கணினியையோ தடித்த எழுது அட்டையையோ வைக்காதே. ஏர்பேக் விரிந்தால் அது நேரே உடம்பில் வந்து அடிக்கும். இருக்கையை முழுக்கச் சாய்த்துப் படுத்தால் சீட் பெல்ட் இருந்தும் பயனில்லை.

கேள்வி: போட்டியில் செய்து காட்டும் இரண்டரை நிமிட ரொட்டீன் முழுவதும் ஒரு கவுன்ட்கூட (தாள எண்ணிக்கை) விடாமல் ஞாபகம் இருக்கிறது. அறிவியல் பாடம் மூன்று தடவை படித்தும் நிற்பதில்லை. எனக்குப் படிப்பு வரவில்லையா?

பதில்: உன் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ரொட்டீனை நீ எப்படிக் கற்றாய்? கோச் இரண்டு எட்டு கவுன்ட் செய்து காட்டினார். உடனே அவர் காட்டாமல் நீ செய்தாய். தப்பினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தினார். பிறகு அடுத்த இரண்டு எட்டு, மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாள் கழித்து வந்ததும் எதையும் பார்க்காமல் மறுபடி ஒரு முறை. அதாவது பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்கிறாய், உடனுக்குடன் திருத்தப்படுகிறாய், இடைவெளி விட்டு மறுபடி எடுக்கிறாய். அறிவியல் பாடத்தையோ மூன்று முறை படித்தாய், அவ்வளவுதான். ரொட்டீன் வீடியோவை மூன்று முறை சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு பயிற்சி விரிப்பில் போய் நின்றால் வருமா?

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். படித்ததையே திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். திரும்பப் படிக்கும்போது ‘எல்லாம் தெரிகிறது’ என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பதற்கு இது போதும்.

அட்டை போடு, ஆனால் சரியாகப் போடு. ‘ஒளிச்சேர்க்கை’ என்று ஒரு பக்கமும் பத்து வரி விளக்கம் மறுபக்கமும் எழுதினால் அது அட்டை இல்லை, சின்னப் புத்தகம். ‘ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது?’ என்று கேள். மறுபக்கம் ‘தண்ணீரிலிருந்து’ என்று ஒரே சொல். அட்டைக்கு ஒரு விஷயம்தான். கணக்குக்கு முழுத் தீர்வையும் எழுதாதே. முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் ‘முதல் படி என்ன’ என்பது மட்டும். பரீட்சையில் பலரும் தடுமாறுவது முதல் படியில்தான்.

ஒரு பயணத்துக்கு 20 அட்டை போதும். வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். மனசுக்குள் ‘தெரியும்’ என்று தள்ளிவிட்டால் செல்லாது. தப்பியவை முன் பையில், சரியானவை பின் பையில். தப்பியவற்றை அடுத்த பிராக்டிஸ் நாளில் எடு, சரியானவற்றை அடுத்த வாரம் எடு. திங்கள், புதன், வியாழன் என்று பிராக்டிஸ் இருந்தால் இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. நீண்ட பயணத்தில் உள்ள ஒரே லாபம் இது என்றுகூடச் சொல்லலாம்.

கேள்வி: என் மகள் ஒன்பதரை மணிக்கு வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு வரை படிக்கிறாள். கேட்டால் “சனி, ஞாயிறு தூங்கிக்கொள்கிறேன் அம்மா” என்கிறாள். மதிப்பெண் நன்றாகத்தான் இருக்கிறது. தடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்க வேண்டும் அம்மா. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம். பன்னிரண்டுக்குப் படுத்து ஆறுக்கு எழுகிற பிள்ளை ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் கடன்படுகிறாள். வார இறுதியில் நண்பகல்வரை தூங்கினால் அசதி கொஞ்சம் தீரும். ஆனால் உடலின் கடிகாரம் பின்னுக்குப் போய், ஞாயிறு இரவு தூக்கம் வராமல் திங்கள் காலை இன்னும் மோசமாகும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

மதிப்பெண் இருக்கிறதே என்று விட முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, எங்களுக்கு அதுதான் பெரிது. தூக்கம் குறைந்தால் முதலில் மந்தமாவது உடம்பு சட்டென்று செயல்படும் வேகம். ஸ்டன்ட்டில், அதாவது ஒருவரை மேலே தூக்கி நிறுத்தும்போது, கீழே நின்று தாங்கும் பேஸ் அரை விநாடி தாமதித்தால் விழுவது மேலே இருக்கும் ஃபிளையர். உங்கள் மகளின் தூக்கம் அவளோடு நிற்கும் மூன்று பேருடைய பத்திரத்தையும் சேர்த்தது. இதை அவளிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். ‘உடம்பு கெட்டுவிடும்’ என்பதைவிட இது அவளுக்கு உறைக்கும்.

இரவு நேரத்தை மீட்க நடைமுறையில் உதவுவது சாப்பாட்டை இடம் மாற்றுவது. கொஞ்சம் கனமான உணவைப் பிராக்டிஸுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே கொடுத்துவிடுங்கள். முடிந்ததும் திரும்பும் காரிலேயே டப்பாவில் இரண்டாவது சாப்பாடு, அதில் முட்டை, தயிர், பருப்பு என்று புரதம் ஏதாவது இருக்கட்டும். வீட்டில் நுழைந்ததும் குளியல், படுக்கை. மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரம் தூக்கத்துக்குப் போகும். மறுநாள் பள்ளிப் பையைக் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துவிட்டால் இன்னும் பத்து நிமிடம்.

காரில் தூங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். போகும்போது 20 நிமிடம் தூங்கலாம். ஜிம் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு எழுப்பிவிடுங்கள். தூங்கி எழுந்த கண்ணோடு நேரே டம்ப்ளிங் (கரணம் அடிப்பது) செய்யக் கூடாது. திரும்பும்போது தூங்கினால், வீட்டுக்கு வந்து படுக்கையில் விழித்துக்கொண்டு கிடப்பாள், முடிந்தவரை தவிருங்கள். மாலையில் காபியும் எனர்ஜி பானமும் வேண்டவே வேண்டாம். ஐந்து மணிக்குக் குடித்த காஃபீனில் பாதியளவு இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஆசிரியைக்கு சியர்லீடிங் என்றால் கையில் குஞ்சத்தை ஆட்டிக்கொண்டு கத்துவது என்றுதான் எண்ணம். போட்டிக்குப் போக ஒரு நாள் அவகாசம் கேட்டாலும் “விளையாட்டுக்கு என்றால் பரவாயில்லை, இதற்கெல்லாமா?” என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: கோபம் நியாயமானது. 54 அடி அகலமும் முன்பின்னாக 42 அடியும் உள்ள ஸ்பிரிங் தரையில், இரண்டரை நிமிடத்துக்குள் ஸ்டன்ட், பிரமிட் (பல ஸ்டன்ட் குழுக்கள் இணைந்து நிற்பது), டம்ப்ளிங், ஜம்ப், நடனம் எல்லாவற்றையும் செய்து நடுவர்களிடம் மதிப்பெண் வாங்குவது விளையாட்டுதான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சர்வதேச சியர் யூனியனுக்கு 2021-ல் முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. கேட்டால் இதைச் சொல். ஆனால் அவகாசம் கேட்கும் கடிதத்தை இந்த வாதத்தோடு தொடங்காதே. ஆசிரியைக்கு வேண்டியது, நீ வேலையை ஒழுங்காகக் கொடுப்பாய் என்ற நம்பிக்கை.

ஆகவே கூடுதல் நாள் கேட்காமல், முன்கூட்டியே கொடுக்கக் கேள். பருவம் தொடங்கியதும் போட்டித் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொடுத்துவிடு. ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு வாரம் முன்பு நான்கு வரி எழுது. அம்மாவோ அப்பாவோ எழுதக் கூடாது, நீ எழுத வேண்டும். இப்படி:

‘மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். அணிப் போட்டிக்காக வரும் 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு அனுமதி கிடைத்துள்ளது. அன்று ஒப்படைக்க வேண்டிய அறிக்கையை 13-ஆம் தேதியே தந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் நடக்கவிருக்கும் பாடத்தின் பக்க எண்களைச் சொன்னால் முன்பே படித்துவிடுவேன். திங்களன்று தேர்வு ஏதும் இருந்தால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

சொன்ன தேதியில் கொடுத்துவிடு. இரண்டு முறை அப்படிக் கொடுத்த பிறகு, உண்மையிலேயே தவிர்க்க முடியாத மூன்றாவது முறை அவகாசம் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். போட்டிக்கு முந்தின இரவு பத்து மணிக்கு அனுப்பும் செய்தியும், தேதி தாண்டிய பிறகு சொல்லும் காரணமும் எந்த ஆசிரியரிடமும் எடுபடாது.

கேள்வி: நான் பேஸ். தேர்வு வாரத்தில் பிராக்டிஸுக்கு வரவில்லை என்று சொன்னதும் கோச்சுக்கும் தோழிகளுக்கும் கோபம். படிப்பு முக்கியமில்லையா?

பதில்: படிப்பு முக்கியம். அவர்கள் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. ஸ்டன்ட் குழுவில் இரண்டு பேஸ், பின்னால் நின்று தாங்கும் ஒரு பேக்ஸ்பாட், ஒரு ஃபிளையர். நீ வராவிட்டால் மற்ற மூன்று பேரும் அன்று எதையும் தூக்க முடியாது. பிரமிட்டில் உன் குழு பக்கத்துக் குழுவோடு கைகோத்திருந்தால் அந்தக் குழுவும் நிற்கும். ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் ஓடலாம். இங்கே அப்படி இல்லை. ‘வரவில்லை’ என்பதை அன்று காலையில் சொன்னாயா, ஒரு மாதம் முன்பு சொன்னாயா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேர்வு அட்டவணை வந்த அன்றே கோச்சிடம் கொடு. ‘எந்த நாள் பிரமிட், எந்த நாள் ஃபுல் அவுட் (ரொட்டீனை முழுவதுமாகச் செய்வது), எந்த நாள் உடற்பயிற்சியும் டம்ப்ளிங்கும்?’ என்று கேள். ஸ்டன்ட் இல்லாத நாளில் நீ இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு இழப்பு குறைவு. முழு நாளும் வர முடியாவிட்டால் ஸ்டன்ட் பகுதியை முதல் ஒரு மணி நேரத்தில் வைக்க முடியுமா என்று கேட்டு, அதை முடித்துவிட்டுக் கிளம்பு. உன் இடத்தில் நிற்கக்கூடிய மாற்று ஆள் இருந்தால், நீ வராத நாளுக்கு முந்தின பிராக்டிஸில் அவளோடு நின்று பிடிமானத்தையும் கவுன்ட்டையும் சொல்லிக்கொடு. வராத நாளில் மாறியதை வீடியோவாகக் கேட்டு வாங்கி, அடுத்த நாள் காரிலேயே கவுன்ட் சொல்லிப் பார்த்துவிட்டுப் போ. உனக்காக இருபது பேரை நிறுத்திவைத்து மறுபடி கற்றுத்தரும்படி விட்டுவிடாதே.

ஒன்றை மட்டும் செய்யாதே. படித்துக் களைத்த நாளில் ‘நான் வந்து சும்மா மார்க் பண்ணுகிறேன்’ (முழுதாகச் செய்யாமல் அசைவை மட்டும் காட்டுகிறேன்) என்று போய் ஸ்டன்ட்டில் நிற்காதே. நடனத்தையும் ஜம்பையும் மார்க் பண்ணலாம். டம்ப்ளிங் இடத்தில் நடந்து போகலாம். ஸ்டன்ட்டை அரைகுறையாகத் தூக்க முடியாது. ‘இன்று தூக்க மாட்டேன்’ என்று தொடங்கும் முன்பே கோச்சிடம் தெளிவாகச் சொல்.

போட்டிக்கு முந்தின இரண்டு வாரம் விடுப்பே கிடையாது என்பது பல ஜிம்களில் விதி. தேர்வு அந்த இரண்டு வாரத்தில் விழுந்தால் திருப்புதலை ஒரு வாரம் முன்னதாக முடித்துவிடுவது தவிர வேறு வழியில்லை. முக்கியத் தேர்வுக்கு முந்தின மாலைக்கு மட்டுமாவது விலக்கு கேள். பெரும்பாலான கோச்சுகள் கொடுப்பார்கள்.

கேள்வி: மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே காரில் பிள்ளைகளை அனுப்புகிறோம். எரிபொருள் மிச்சம்தான், ஆனால் வண்டிக்குள் ஒரே அரட்டை. யாரும் புத்தகத்தைத் தொடுவதில்லை.

பதில்: அரட்டையை ஒழிக்கப் பார்க்காதீர்கள், அதற்கு இடம் ஒதுக்குங்கள். ஏறியதும் 15 நிமிடம் சாப்பாடும் பேச்சும். அடுத்த 30 நிமிடம் அமைதி. ஓட்டுபவரின் கைபேசி, இசை உட்பட. மீதி நேரம் இஷ்டம்போல். மூன்று குடும்பமும் ஒரே விதியை வைக்க வேண்டும். ஒரு காரில் அமைதி, இன்னொரு காரில் பாட்டு என்றால் இரண்டாவது வாரமே போய்விடும். இருட்டும் மாதங்களில் கழுத்தில் மாட்டும் சின்ன வாசிப்பு விளக்கு கொடுங்கள். காரின் உள்விளக்கு எரிந்தால் ஓட்டுபவருக்குச் சாலை சரியாகத் தெரியாது. கொண்டுவிடுவது ஒருவர், அழைத்துவருவது இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால் யாரும் ஜிம் வாசலில் இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: போட்டி வார இறுதிகளில் ஐந்து புத்தகம் தூக்கிக்கொண்டு போகிறோம். ஒன்றைக்கூடத் திறப்பதில்லை. மேடையில் இருப்பது இரண்டரை நிமிடம்தானே, மற்ற நேரமெல்லாம் எங்கே போகிறது?

பதில்: தலைமுடி, ஒப்பனை, உடை, அணி கூடும் நேரம், வார்ம் அப், மற்ற அணிகளைப் பார்ப்பது, பரிசளிப்பு. இடைவெளிகள் இருக்கும், ஆனால் சிறியவை. அரங்கமோ இசையும் கூச்சலுமாக இருக்கும். அங்கே படிக்க முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பயணத்தில் இரண்டு அரை மணி நேரம். தங்கும் இடத்தில், மேடையேற்றம் மதியத்துக்கு மேல் என்றால் காலையில் 40 நிமிடம். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே மூன்றே வேலைகளை ஒரு கோப்பில் வையுங்கள். புத்தகத்துக்குப் பதில் தேவையான பக்கங்களை அச்செடுத்தோ படம் பிடித்தோ கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த அரங்குகளில் இணையம் திணறும். பள்ளித் தளத்தில் மட்டுமே இருக்கும் வேலையை முன்பே இறக்கிவையுங்கள். நாற்பது அட்டை, இரண்டு பேனா, ஹெட்போன், சார்ஜர். ஞாயிறு இரவுக்கு என்று எதையும் ஒதுக்கிவைக்காதீர்கள். திங்களன்று கொடுக்க வேண்டியது வியாழக்கிழமையே முடிந்திருக்க வேண்டும்.

மேடையேறி முடித்த பிறகு பிள்ளை தோழிகளோடு உட்கார்ந்து மற்ற அணிகளைப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் புத்தகத்தை நீட்டாதீர்கள். வருடம் முழுவதும் உழைத்தது அந்த மதியத்துக்காகவும்தான்.

கேள்வி: பிரமிட்டிலிருந்து இறங்கும்போது இன்னொருத்தியின் முழங்கை மகனின் தலையில் பட்டது. மறுநாள் தலைவலி. இரண்டு நாளில் தேர்வு, ஐந்து நாளில் போட்டி. என்ன செய்வது?

பதில்: முதலில் மருத்துவர். தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், கை கால் பலவீனமானால், எழுப்பச் சிரமமாக இருந்தால் அவசர சிகிச்சைக்கு உடனே போங்கள்.

மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் சொன்னால் முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, கைபேசித் திரையும் குறைவாக. பிறகு அறிகுறி கூடாத அளவுக்குச் சிறிது சிறிதாகப் படிப்பு. முதலில் 15, 20 நிமிடம். பள்ளிக்கு முழுமையாகத் திரும்பி, அறிகுறி எதுவும் இல்லாமல், மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகுதான் முழுப் பயிற்சி. அதுவும் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். ஐந்து நாளில் போட்டி என்பதை மறந்துவிடுங்கள். தேர்வைத் தள்ளிவைக்கப் பள்ளிக்கு மருத்துவர் கடிதம் கொடுங்கள். இது சலுகை இல்லை, சிகிச்சையின் பகுதி. தோழர்களைப் பார்க்க என்று நீண்ட பயணம் செய்து ஜிம்முக்கு அழைத்துப் போவதையும் சில நாள் தள்ளிவையுங்கள்.

கேள்வி: மகளை இரண்டாவது அணியிலும் சேரக் கேட்கிறார்கள். இன்னொரு பிராக்டிஸ் நாள் கூடும். அவளுக்கு ஆசை. சரி சொல்லலாமா?

பதில்: இப்போதைய வாரத்தை முதலில் பாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் பள்ளி நாள் இரவுகளில் எத்தனை இரவு எட்டு மணி நேரம் தூங்கினாள்? ஒப்படைப்பு எத்தனை தாமதம்? வாரத்தில் ஒரு முழு நாளாவது பயிற்சியே இல்லாமல் இருக்கிறதா? தூக்கம் குறைந்திருந்தாலோ, அந்த ஓய்வு நாளைத்தான் இரண்டாவது அணி எடுத்துக்கொள்ளும் என்றாலோ இந்தப் பருவம் வேண்டாம். மணிக்கட்டிலோ இடுப்பிலோ தொடர்ந்து வலி இருந்தாலும் வேண்டாம். முதுகை வளைக்கும் டம்ப்ளிங் இன்னொரு நாள் கூடுவது அதை மோசமாக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் இன்னும் ஒரு கணக்கு: இரண்டு அணியின் பிராக்டிஸும் ஒரே நாளில் அடுத்தடுத்து வந்தால் கூடுவது ஒன்றரை இரண்டு மணி நேரம்தான். தனி நாளில் வந்தால் உங்கள் பயணத்தையும் சேர்த்து நான்கு, நான்கரை மணி நேரம் போகும். முதலாவதுக்குச் சரி சொல்லலாம், இரண்டாவதுக்கு நாங்கள் சரி சொல்ல மாட்டோம். தனி வகுப்பு ஏதாவது போய்க்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு இதை எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் பாருங்கள்.

எந்த முடிவானாலும் ரொட்டீன் அமைப்பதற்கு முன்பே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒருவர் விலகினால் ஸ்டன்ட் குழுக்களையும் பிரமிட்டையும் தரையில் நிற்கும் இடங்களையும் எல்லோருக்கும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.